எஸ்எஸ்டி மாற்றினோம், கணினி பூட் ஆகவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மாடியறையில் கணினி பழுது பார்க்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க்குக்குக் குளோன் (முழு நகல்) எடுத்துவிட்டு, "கறுப்புத் திரைதான்ணே வருது" என்று மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிறார்கள். சிலர் என்னிடம் வருவதற்கு முன்பே வேறெங்கோ கொடுத்து ஃபார்மேட் போட்டுவிட்டு வருகிறார்கள். பத்து வருடத்துக் கணக்கு, பிள்ளையின் காதுகுத்துப் படம், எல்லாம் போயிருக்கும். அரை மணி நேரத்தில் சரிசெய்திருக்கக்கூடிய கோளாறு அது. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கட்டளைகளைப் போனில் சொல்லும்போது எப்படிச் சொல்வேனோ அப்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சிறிய எழுத்து போதும்.

அண்ணே, "நோ பூட்டபிள் டிவைஸ்"னு வருது. உள்ளே இருந்ததெல்லாம் போயிருச்சா?

போகவில்லை. வெளியூர்க்காரர் ஒருவர் ஆரப்பாளையம் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு திருநெல்வேலி பஸ்ஸைத் தேடுகிறார் என்று வையுங்கள். பஸ் மாட்டுத்தாவணியில் நிற்கிறது. ஆரப்பாளையத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் அது வராது, அதற்காகப் பஸ்ஸே இல்லை என்று ஆகிவிடாது.

உங்கள் மதர்போர்டும் அப்படித்தான் தவறான இடத்தில் தேடுகிறது. புதிய வகைக் கணினிகளில் மதர்போர்டுக்குள் ஒரு சிறு நினைவகம் உண்டு. "இந்த அடையாள எண் கொண்ட பார்ட்டிஷனில், இந்தப் பெயருள்ள கோப்பை எடுத்து ஓட்டு" என்று அதில் ஒரு குறிப்பு இருக்கும். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்து வைத்திருக்கும் ஒரு பகுதி. குளோன் எடுத்த விதத்தைப் பொறுத்து அடையாள எண் மாறியிருக்கலாம். பூட் கோப்புகள் இருக்கும் சிறிய பார்ட்டிஷனை நகல் எடுக்காமல் சி டிரைவை மட்டும் எடுத்திருக்கலாம். இரண்டிலும் விண்டோஸ் முழுதாக உள்ளேதான் இருக்கும், அதற்குப் போகிற வழி மட்டும் இல்லை.

அதனால் முதல் வேலை, பழைய டிஸ்க்கைத் தனியே எடுத்துப் பத்திரமாக வைப்பது. அதில் ஒரு எழுத்துகூட எழுத வேண்டாம். அது கையில் இருக்கும்வரை நீங்கள் எதையும் இழக்கவில்லை.

எங்கே கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணினி எதுவரை போய் நிற்கிறது என்று பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்குத் தகுந்த மருந்துதான் வேலை செய்யும். எல்லாவற்றுக்கும் ஒரே கட்டளையை அடித்துப் பார்ப்பதால்தான் சின்னக் கோளாறு பெரிதாகிறது.

பயாஸ் என்கிற மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய்ப் பார்த்தால் புதிய டிஸ்க்கின் பெயரே இல்லை என்றால், மாட்டியதில் அல்லது டிஸ்க் வகையில் சிக்கல். பெயர் இருக்கிறது, ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் "நோ பூட்டபிள் டிவைஸ்" அல்லது "ஆப்பரேட்டிங் சிஸ்டம் நாட் ஃபவுண்ட்" என்று வந்தால், பூட் பார்ட்டிஷன் இல்லை அல்லது பயாஸ் முறை பொருந்தவில்லை. நீலத் திரையில் 0எக்ஸ்சி000000இ, 0எக்ஸ்சி0000225 என்று எண்கள் வந்தால் ஒரு படி முன்னேறியிருக்கிறீர்கள். பூட் மேனேஜர் எழுந்துவிட்டது, அதன் கையில் உள்ள பிசிடி என்ற பட்டியலில்தான் தவறான முகவரி இருக்கிறது. விண்டோஸ் லோகோ வந்து புள்ளிகள் சுற்றி, பிறகு "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" என்று விழுந்தால் பூட் கோப்புகள் நன்றாகவே இருக்கின்றன. டிஸ்க்கைப் படிக்கிற டிரைவர்தான் வரவில்லை.

வந்த செய்தியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். "ஏதோ இங்கிலீஷ்ல வந்துச்சு" என்று சொல்வதைவிட அந்தப் படம் ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

பயாஸிலேயே புதிய எஸ்எஸ்டி தெரியவில்லையே?

முதலில் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டுங்கள். எம்.2 என்கிற சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டியில் கடைசி ஒரு மில்லிமீட்டர் உள்ளே போகாமல் திருகு போட்டுவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

அதன் பிறகும் இல்லையென்றால் வகையைப் பாருங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. டிஸ்க் மதர்போர்டோடு பேசும் முறைகளில் சாட்டா பழையது, என்விஎம்இ புதியது. அதே வடிவத்தில் சாட்டா பேசுகிற எஸ்எஸ்டியும் உண்டு, என்விஎம்இ பேசுகிறதும் உண்டு. சாட்டா வகையில் பெரும்பாலும் இரண்டு வெட்டு இருக்கும், என்விஎம்இயில் பெரும்பாலும் ஒன்று. சில மடிக்கணினிகளின் துளை ஒன்றை மட்டும்தான் ஏற்கும். வாங்குவதற்கு முன் கணினியின் மாடல் எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டெஸ்க்டாப்பில் அட்டை மூலம் என்விஎம்இ மாட்டினால் விண்டோஸுக்குள் தெரியும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. என்விஎம்இயிலிருந்து பூட் செய்யும் வசதி மதர்போர்டுகளில் 2014, 2015 வாக்கில்தான் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய கணினிக்குச் சாட்டா எஸ்எஸ்டிதான் சரி. வேகத்தில் ஏமாற்றம் இருக்காது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு அதுவே பெரிய மாற்றம்.

பழைய டிஸ்க்கும் புதிய டிஸ்க்கும் ஒன்றாக மாட்டியிருக்கலாமா?

முதல் முறை பூட் ஆகும்வரை கூடாது.

முழு டிஸ்க்கையும் அப்படியே குளோன் எடுத்தால் டிஸ்க்கின் அடையாள எண்ணும் சேர்ந்து நகலாகிவிடும். ஒரே எண்ணில் இரண்டு டிஸ்க்கைப் பார்த்தால் விண்டோஸ் ஒன்றை ஆஃப்லைன் ஆக்கிவிடும். அதை நீங்கள் ஆன்லைன் செய்தால், அந்த டிஸ்க்குக்குப் புது எண் எழுதிவிடும். பிறகு அந்த டிஸ்க்கிலிருந்து பூட் செய்யும்போது பழைய எண்ணைத் தேடி 0எக்ஸ்சி000000இ வரும். லினக்ஸிலும் இதே கதைதான். ஒரே யூயூஐடியில் (பார்ட்டிஷனின் அடையாள எண்) இரண்டு பார்ட்டிஷன் இருந்தால் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. பழையதை எடுத்திருந்தால், புதியதில் வேலை செய்கிறோம் என்று நினைத்துப் பழையதில் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

புதிதாக விண்டோஸ் நிறுவுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடை. பில் போடும் கணினிக்கு யாரோ எஸ்எஸ்டி மாட்டிப் புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆறேழு மாதம் நன்றாக ஓடியது. பழைய ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்ததும் அண்ணாச்சி அதைக் கழற்றிவிட்டார். தீபாவளிக்கு முந்தைய வாரம், வாசலில் லாரி நிற்கிறது, கணினி எழவில்லை. போனில் கேட்டதுமே புரிந்தது. விண்டோஸ் நிறுவும்போது பழைய டிஸ்க்கும் மாட்டியிருந்திருக்கிறது. அதில் ஏற்கெனவே இஎஃப்ஐ பார்ட்டிஷன், அதாவது பூட் கோப்புகளுக்கான சிறிய பார்ட்டிஷன், இருந்ததால், நிறுவி புதிய எஸ்எஸ்டியில் இன்னொன்று உருவாக்காமல் பூட் கோப்புகளைப் பழையதிலேயே வைத்துவிட்டது. இத்தனை மாதமும் பழைய டிஸ்க்கில் கால் வைத்துத்தான் புதியது எழுந்திருக்கிறது.

"அண்ணாச்சி, கழட்டினதைத் திரும்ப மாட்டுங்க" என்றேன். மாட்டினார், எழுந்தது. வியாபாரம் முடிந்து இரவு பத்தரைக்குப் போய், அடுத்த கேள்வியில் சொல்லியிருக்கும் வேலையைச் செய்தேன். இப்போது யாருக்குப் புதிதாக விண்டோஸ் போட்டாலும், நிறுவப்போகிற டிஸ்க்கைத் தவிர மற்ற எல்லாக் கம்பிகளையும் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

பூட் கோப்புகளைத் திரும்ப எழுதுவது எப்படி?

இதுதான் இந்தப் பக்கத்தின் முக்கியமான வேலை. அவசரப்படாமல் செய்யுங்கள்.

வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் விண்டோஸ் நிறுவியைத் தயார் செய்யுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கல்யாண வீடியோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கணினியில் செருகி, பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை வரலாம். பெயருக்கு முன்னால் யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மொழி கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட்டோடு எஃப்10 அழுத்தினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அங்கே, டிஸ்க்பார்ட் என்று தட்டி என்டர். பிறகு:

லிஸ்ட் டிஸ்க்

வரும் பட்டியலில் ஜிபிடி (பார்ட்டிஷன் அட்டவணையின் புதிய முறை) என்ற தலைப்பின் கீழ் உங்கள் டிஸ்க்குக்கு நேராக நட்சத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடரலாம். இல்லையென்றால் அது பழைய எம்பிஆர் முறை, அதற்கு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்க்பார்ட்டுக்குள் கிளீன் என்று ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்துச் சுத்தம் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையே துடைத்துவிடும், ஒருமுறைகூட "உறுதியா?" என்று கேட்காது. அந்தச் சொல்லைத் தட்டவே வேண்டாம்.

லிஸ்ட் வால்யூம்

இதில் ஃபேட்32 என்ற வகையில், 100 எம்பி அளவில் ஒரு வால்யூம் இருக்கும். சில கணினிகளில் 260, 500 எம்பிகூட இருக்கும். அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதன் எண் 3 என்றால்:

செலக்ட் வால்யூம் 3
அசைன் லெட்டர்=எஸ்
எக்ஸிட்

விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதையும் உறுதி செய்யுங்கள். நிறுவியிலிருந்து பார்க்கும்போது உங்கள் சி டிரைவ் டி என்றோ இ என்றோ தெரியலாம். டிஐஆர் சி: என்று அடித்துப் பாருங்கள். விண்டோஸ், யூசர்ஸ் என்ற பெயர்கள் வந்தால் அதுதான். வேறு எழுத்து என்றால் கீழே உள்ள வரியில் சி:க்குப் பதில் அதைத் தட்டுங்கள். பிறகு:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

முதல் சொல் பி, சி, டி, பி, ஓ, ஓ, டி, ஏழு எழுத்தும் சேர்த்து. /எஸ், /எஃப் இரண்டுக்கும் முன்னும் பின்னும் இடைவெளி உண்டு, சி:\விண்டோஸ் என்பதற்குள் இடைவெளி இல்லை. விண்டோஸுக்கு முன்னால் இருப்பது பேக்ஸ்லாஷ், மற்றவை சாதாரண ஸ்லாஷ். போனில் இதைச் சொல்லும்போது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறு நடக்கிறது. "பூட் ஃபைல்ஸ் சக்சஸ்ஃபுல்லி கிரியேட்டட்" என்று வந்தால் முடிந்தது. பென் டிரைவை எடுத்துவிட்டு மறுபடி எழுப்புங்கள்.

ஃபேட்32 வால்யூமே இல்லையென்றால், அண்ணாச்சி கடையில் செய்ததுதான். டிஸ்க்பார்ட்டில் விண்டோஸ் இருக்கும் வால்யூமைத் தேர்ந்தெடுத்து ஷ்ரிங்க் டிசயர்டு=300 என்று தட்டி ஓரமாகக் கொஞ்சம் இடம் விடுவியுங்கள். அடுத்து கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=260, அடுத்து ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32. இந்த ஃபார்மேட் இப்போது உருவாக்கிய 260 எம்பிக்கு மட்டும்தான். அதற்கு முன் லிஸ்ட் வால்யூம் அடித்து, நட்சத்திரம் அந்தச் சிறிய வால்யூமின் முன்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பிறகு அசைன் லெட்டர்=எஸ், எக்ஸிட், அதே பிசிடிபூட் வரி.

இதையெல்லாம் செய்வதற்கு முன் "ஸ்டார்ட்டப் ரிப்பேர்" என்ற தானியங்கி முறையை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை. பிசிடி மட்டும் கெட்டிருந்தால் அதுவே சரிசெய்யும். இஎஃப்ஐ பார்ட்டிஷனே இல்லாதபோது அதற்குக் கைவராது.

என்னுடையது பழைய கணினி. ஜிபிடிக்கு நேராக நட்சத்திரம் இல்லை.

அப்படியானால் எம்பிஆர். 1983லிருந்து வருகிற முறை இது. டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் எல்லாம் அடக்கம். 446 பைட் தொடக்க நிரல், 64 பைட்டில் நான்கு பார்ட்டிஷன்களின் அட்டவணை, கடைசி 2 பைட் முத்திரை. முழு டிஸ்க்கைக் குளோன் எடுக்காமல் பார்ட்டிஷனை மட்டும் நகல் எடுத்தால் அந்த 446 பைட் வராது.

நிறுவியின் கறுப்பு ஜன்னலில் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்று தட்டினால் அது திரும்ப எழுதப்படும். டிஸ்க்பார்ட்டில் விண்டோஸின் சிறிய "சிஸ்டம் ரிசர்வ்டு" பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து ஆக்டிவ் என்று தட்ட வேண்டும். அது இல்லாத கணினியில் சி பார்ட்டிஷனையே ஆக்டிவ் ஆக்குங்கள். அந்த அடையாளம் இல்லாமல் பழைய பயாஸ் எதையும் எழுப்பாது. பிறகு அந்தப் பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்துக் கொடுத்து, அதே பிசிடிபூட் வரியில் கடைசிச் சொல்லை மட்டும் யூஇஎஃப்ஐக்குப் பதில் பயாஸ் என்று மாற்றுங்கள்.

பலர் பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட் அடித்து "அக்சஸ் ஈஸ் டினைடு" என்று வருவதைப் பார்த்துப் பயந்து போகிறார்கள். விண்டோஸ் 10இன் நிறுவியில் அப்படி வருவது சகஜம், டிஸ்க் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. பிசிடிபூட் போதும்.

கணினி யூஇஎஃப்ஐக்கு இடம் கொடுக்கும் என்றால், டேட்டாவை அழிக்காமல் எம்பிஆரை ஜிபிடி ஆக்கும் கருவி 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. எம்பிஆர்2ஜிபிடி என்று பெயர். டிஸ்க்கில் மூன்றுக்கு மேல் பிரைமரி பார்ட்டிஷன் இருந்தாலோ எக்ஸ்டெண்டட் இருந்தாலோ அது ஒத்துக்கொள்ளாது. மாற்றி முடித்ததும் பயாஸில் லெகஸி என்ற பழைய முறையிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள். மறந்தால் மறுபடி அதே கறுப்புத் திரைதான்.

விண்டோஸ் லோகோ வருகிறது, பிறகு "இன்அக்சசிபிள் பூட் டிவைஸ்" நீலத் திரை.

சாட்டா டிஸ்க்கில் இதுவரை ஓடிய விண்டோஸுக்கு என்விஎம்இ டிரைவரைத் தொடக்கத்திலேயே ஏற்றத் தெரியாது. டிரைவர் உள்ளே இருக்கும், கூப்பிட வேண்டும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சேஃப் மோடில் ஒருமுறை எழுப்பினால் போதும், எல்லா அடிப்படை டிரைவர்களையும் ஏற்றிப் பார்த்துத் தேவையானதைப் பதிந்துகொள்ளும். லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் மீட்புத் திரை தானே வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட், பிறகு 4ஆம் எண். டெஸ்க்டாப் தெரிந்ததும் சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னும் குளோன் எடுக்காதவர்கள், புதிய எஸ்எஸ்டியை வெறுமையாக மாட்டிப் பழைய டிஸ்க்கிலிருந்து ஒருமுறை எழுப்பிவிட்டால் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சேஃப் மோடிலும் அதே நீலத் திரை என்றால் பயாஸில் சாட்டா முறையைப் பாருங்கள். முன்பு ரெய்டு அல்லது ஆர்எஸ்டி என்று இருந்தது இப்போது ஏஹெச்சிஐ ஆகியிருக்கலாம், அல்லது நேர்மாறாக. முன்பு எப்படி இருந்ததோ அப்படி வைத்தால் எழுந்துவிடும். யாரும் தொடாமல் அது எப்படி மாறும் என்று கேட்பீர்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோயிருந்தால், கணினியைத் திறக்க மின் இணைப்பைப் பிடுங்கிய நேரத்தில் பயாஸ் தன் அமைப்பை மறந்து தொடக்க நிலைக்குப் போய்விடும். தேதி பல வருடம் பின்னால் காட்டினால் அதுதான் காரணம். அந்தச் சின்ன பேட்டரியை மாற்றுவதற்குப் பதிலாக ஒரு முழு விண்டோஸைத் திரும்பப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் எஸ்எஸ்டியை நிர்வகிக்கும் விஎம்டி என்ற அமைப்பு இயங்கும். அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் விண்டோஸ் நிறுவிக்கு எஸ்எஸ்டியே கண்ணில் படாது. மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை இறக்கி, பென் டிரைவில் போட்டு, "லோடு டிரைவர்" மூலம் ஏற்றுங்கள்.

48 இலக்க எண் கேட்கிறது, தம்பி. அப்படி ஒன்று யாரும் எனக்குத் தரவில்லையே?

பிட்லாக்கர் பூட்டு அது. பல புதிய மடிக்கணினிகளில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்ததுமே கேட்காமல் பூட்டிக்கொள்கிறது. டிஸ்க்கையோ பயாஸ் அமைப்பையோ மாற்றினால் திருடன் கைக்குப் போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டுச் சாவி கேட்கும்.

முதன்முதலில் கணினியைத் திறந்தபோது எந்த மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள் என்று நினைவுபடுத்துங்கள். செல்போனில் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் போய்ப் பார்த்தால் ரெக்கவரி கீ இருக்கும். வீட்டில் பிள்ளைகள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள், அதையும் பாருங்கள். கல்லூரி, அலுவலகக் கணக்கு என்றால் அங்குள்ள கணினிப் பிரிவில் கேளுங்கள். சாவி எங்குமே இல்லையென்றால் நானும் திறக்க முடியாது, வேறு யாரும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

இனிமேல் குளோன் எடுக்கப் போகிறவர்கள், முதலில் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷனை அணைத்து, அது முழுதாக அவிழும்வரை பொறுத்து, அதன் பிறகு தொடங்குங்கள்.

லினக்ஸ் வைத்திருக்கிறேன். "கிரப் ரெஸ்க்யூ" என்று நிற்கிறது.

லினக்ஸை எழுப்புகிற நிரலான கிரப், தன் மீதிப் பாகங்களைத் தேடிக் காணாமல் நிற்கிறது. லைவ் யூஎஸ்பியில் எழுப்பி, பிஎல்கேஐடி என்று தட்டிப் பார்ட்டிஷன்களின் யூயூஐடிகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ரூட் பார்ட்டிஷனை /எம்என்டியிலும், இஎஃப்ஐ பார்ட்டிஷனை அதற்குள் /பூட்/இஎஃப்ஐயிலும் மவுண்ட் செய்து, /டெவ், /பிராக், /சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து, சிஹெச்ரூட் மூலம் உள்ளே போங்கள். அங்கே கிரப்-இன்ஸ்டால், பிறகு அப்டேட்-கிரப். டெபியன், உபுண்டு வழி வந்த எல்லாவற்றுக்கும் இதுதான்.

முழு டிஸ்க்கை டிடி அல்லது குளோன்சில்லா மூலம் எடுத்திருந்தால் யூயூஐடி மாறியிருக்காது. புதிய பார்ட்டிஷன் உருவாக்கிக் கோப்புகளை மட்டும் ஆர்சிங்க் செய்திருந்தால் கட்டாயம் மாறியிருக்கும். அப்போது /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுத வேண்டும். எஸ்டிஏ1 என்று பெயர் எழுதி வைத்திருந்தால் என்விஎம்இயில் அந்தப் பெயரே கிடையாது, யூயூஐடிக்கு மாறிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றரை நிமிடம் காத்திருந்து பிறகு எழுகிறது என்றால், பெரும்பாலும் இல்லாத ஸ்வாப் பார்ட்டிஷனை எஃப்எஸ்டேப்பில் தேடிக்கொண்டிருக்கிறது.

500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை 256 ஜிபி எஸ்எஸ்டிக்குக் குளோன் எடுக்கலாமா?

உள்ளே இருக்கும் டேட்டா 256க்குள் நன்றாக அடங்கும் என்றால் முடியும். பார்ட்டிஷன்களை முதலில் சுருக்க வேண்டும். குளோன்சில்லா சாதாரண முறையில் இலக்கு டிஸ்க் சமமாகவோ பெரிதாகவோ இருப்பதையே எதிர்பார்க்கும். என்னைக் கேட்டால் படங்களையும் வீடியோக்களையும் தனி டிஸ்க்குக்கு மாற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது.

குளோன் எடுக்கும்போது கரண்ட் போய்விட்டது.

பழைய டிஸ்க்கிலிருந்து படிக்க மட்டுமே செய்கிறோம் என்பதால் அதற்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. புதியதில் பாதி நகல் இருக்கும், அதைச் சரிசெய்யப் பார்க்காமல் முதலிலிருந்து எடுங்கள். 2012இல் மதுரைப் பக்கம் மணிக்கணக்காக மின்வெட்டு இருந்தபோது இந்த வேலையை இரவில்தான் வைத்துக்கொள்வேன். இப்போது நிலைமை மேல், ஆனாலும் யூபிஎஸ் இல்லாமல் தொடங்குவதில்லை.

குளோன் ஒரே இடத்தில் நின்று நின்று போனால் காரணம் கரண்ட் அல்ல, பழைய டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது. அப்போது குளோனை நிறுத்திவிட்டு, முதலில் முக்கியமான கோப்புகளை மட்டும் எடுங்கள். அதன் பிறகு டிடிரெஸ்க்யூ போன்ற, கெட்ட இடத்தைத் தாண்டிப் போய்க் கடைசியில் திரும்பி வருகிற கருவியைப் பயன்படுத்துங்கள். மறுபடி மறுபடி குளோன் முயன்றால் மிச்ச உயிரும் போய்விடும்.

2011இல் தொடங்கிய திட்டத்தில் கிடைத்த விலையில்லா மடிக்கணினி. இதற்கு எஸ்எஸ்டி போடுவது வீண் செலவா?

வீண் இல்லை. அக்கா படித்த மடிக்கணினியில் தம்பி படிக்கிற வீடுகள் உசிலம்பட்டி, சோழவந்தான் பக்கமெல்லாம் இருக்கின்றன, எனக்கு அவற்றைச் சரிசெய்வதில் தனிப் பிரியம். 2.5 அங்குலச் சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். அந்த இடைவெளியில் ஆடாமல் இருக்க ஒரு சட்டம் அல்லது தடித்த அட்டைத் துண்டு வையுங்கள். ஆடினால் இணைப்பு விட்டுவிட்டு வரும், நீங்கள் பூட் கோளாறு என்று நினைத்து அலைவீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 இந்தக் கணினிகளை ஏற்காது. அதனால் குளோன் எடுக்காமல் எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் புதிதாகப் போட்டுவிடுவதே என் யோசனை. மத்திய அரசு நிறுவனமான சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் உண்டு. பூட் பிரச்சினை என்ற பேச்சே வராது.

டேலி, விண்டோஸ் உரிமம் எல்லாம் போய்விடுமா?

விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் முக்கியமாக மதர்போர்டைப் பொறுத்தது, டிஸ்க் மாற்றினால் பொதுவாகப் போகாது. டேலிக்கு, மாற்றுவதற்கு முன் உரிமத்தைச் சரண்டர் செய்துவிட்டுப் புதியதில் மறுபடி ஆக்டிவேட் செய்வது பாதுகாப்பு. கம்பெனி டேட்டாவைத் தனியாக ஒரு பென் டிரைவிலும் எடுத்து வையுங்கள்.

பழைய டிஸ்க்கை எப்போது அழிக்கலாம், சார்?

கடைக்காரர் என்றால் ஒரு முழு ஜிஎஸ்டி சுற்று முடியட்டும். 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி, இரண்டையும் புதிய டிஸ்க்கிலிருந்து தாக்கல் செய்து, பிரிண்டர், கையொப்ப டோக்கன் எல்லாம் ஓடுகிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க் வெளியே இருக்கும் நிலையில் கணினியை முழுதாக அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கி, சிறிது நேரம் கழித்து மறுபடி எழுப்பிப் பாருங்கள். அண்ணாச்சி கடையில் யாராவது முதல் நாளே இதைச் செய்திருந்தால் அந்த லாரி காத்திருந்திருக்காது.

அதுவரை பழைய டிஸ்க்கின் மேல் ஒரு தாளை ஒட்டி, எந்தக் கணினியிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் கழற்றியது என்று பேனாவால் எழுதி, பீரோவில் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.